சிட்னி அரங்கின் வாயிலில் நின்றுபோன நடை: ஜேன் சேவிலுக்கு நேர்ந்தது என்ன?

மாவட்ட அளவிலான நடைப் பந்தயத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்த உங்கள் மகள் கடைசிச் சுற்றில் தகுதி நீக்கம் செய்யப்பட்டாள் என்றும், அன்றிலிருந்து மைதானத்தின் பக்கமே போக மறுக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிட்னி ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய வீராங்கனை ஒருவருக்கும் இதுவே நடந்ததாகக் கேள்விப்பட்டு, அவருக்கு உண்மையில் நேர்ந்தது என்ன, அது நியாயம்தானா, வெற்றி கைக்கு எட்டும் நேரத்தில் ஒருவரை வெளியேற்றுவது எந்த வகை விளையாட்டு என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளி, மாவட்டப் போட்டிகளில் பல ஆண்டுகள் நடைப் பந்தய நடுவராக நின்றவன் என்ற முறையிலும், இந்த விளையாட்டை மிகவும் நேசிப்பவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் குறிப்பிடும் வீராங்கனையின் பெயர் ஜேன் சேவில். 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி நடந்த பெண்கள் 20 கிலோமீட்டர் நடைப் பந்தயத்தில்தான் அது நடந்தது. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் நடைப் பந்தயம் 1992 பார்சிலோனாவில்தான் தொடங்கியது. அங்கும் 1996 அட்லாண்டாவிலும் தூரம் 10 கிலோமீட்டராக இருந்தது. அது இரு மடங்காக்கப்பட்ட முதல் ஒலிம்பிக் சிட்னி. அப்போது சேவிலுக்கு வயது 25. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றிருந்தார். சிட்னி அவருடைய சொந்த ஊர். ஒலிம்பிக் நடைப் பந்தயத்தில் ஆஸ்திரேலியாவுக்கு அதுவரை ஒரு தங்கம்கூடக் கிடைத்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்று அவர் தோளில் ஏறியிருந்த சுமை எத்தகையது என்று புரியும்.

அந்தப் பந்தயத்தில் முன்னணியில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேற்றப்பட்டார்கள். முதலில் சீனாவின் லியு ஹோங்யு. அவர் முந்தைய ஆண்டு செவில்லே நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றவர். முன்னிலை அடுத்து இத்தாலியின் எலிசபெட்டா பெரோனேயிடம் வந்தது. அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றிருந்த அவரும் முன்னிலையில் இருக்கும்போதே வெளியேற்றப்பட்டார். உலக சாம்பியனும் ஒலிம்பிக் வெள்ளி வீராங்கனையும் போன பிறகு முதலிடம் சேவிலுடையதாயிற்று. சாலையில் நடக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. அரங்கத்துக்குள் செல்லும் சுரங்கவழியைத் தாண்டினால், தடத்தில் சில நூறு மீட்டர் நடந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிடலாம். உள்ளே அவருடைய நாட்டு மக்கள் காத்திருந்தார்கள். அந்தச் சுரங்கவழியின் வாயிலில் தலைமை நடுவர் அவரை மறித்துச் சிவப்புத் தகட்டைக் காட்டினார். மூன்றாவது நடுவரின் சிவப்பு அட்டையும் விழுந்து, அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டுவிட்டார் என்பது அதன் பொருள். சேவில் அதை முதலில் நம்பவில்லை. பிறகு முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு அழுதார். அவருக்குப் பின்னால் வந்த சீன வீராங்கனை வாங் லிபிங் அதே வழியாக உள்ளே சென்று 1 மணி 29 நிமிடம் 5 விநாடியில் தங்கம் வென்றார். நார்வேயின் செர்ஸ்டி பிளாட்சருக்கு வெள்ளியும், ஸ்பெயினின் மரியா வாஸ்கோவுக்கு வெண்கலமும் கிடைத்தன. அதே பந்தயத்தில், 39 வயதான இன்னொரு ஆஸ்திரேலியர் கெர்ரி சாக்ஸ்பி-ஜுனா 7-ஆவதாக வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அன்றைய செய்திகளில் அந்த அருமையான நடை முழுவதும் மறைந்துபோயிற்று.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் இதைத் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு ஒரு தவறான எண்ணம் வந்துவிடும்: 20 கிலோமீட்டர் ஒழுங்காக நடந்த பெண்ணைக் கடைசி நொடியில் யாரோ ஒருவர் கைநீட்டித் தடுத்துவிட்டார் என்று. உங்கள் கேள்வியிலும் அந்த எண்ணம் தொனிக்கிறது. அது ஏன் சரியில்லை என்பதற்கு இந்த விளையாட்டின் விதியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நடைப் பந்தயம் இரண்டு விதிகளின் மேல் நிற்கிறது. ஏதாவது ஒரு பாதம் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் ஒருசேரத் தரையை விட்டு எழுவது வெறும் கண்ணுக்குத் தெரியக் கூடாது. இது ஒன்று. முன்னே வைக்கும் கால், குதிகால் தரையைத் தொட்ட கணத்திலிருந்து உடல் அதன் மேல் செங்குத்தாக வரும் வரை முழங்கால் மடங்காமல் நேராக இருக்க வேண்டும். இது இரண்டாவது. படிப்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் சிட்னியில் வாங் லிபிங் நடந்த வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 27 விநாடி, அதாவது மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல். நம்மில் பெரும்பாலோர் அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடவே திணறிப்போவோம். அதற்கு நொடிக்கு மூன்றடிக்கு மேல் வைக்க வேண்டும். 20 கிலோமீட்டரை முடிப்பதற்குள் ஏறத்தாழ 18,000 அடிகள். அந்த ஒவ்வோர் அடியிலும் இரண்டு விதிகளும் காக்கப்பட வேண்டும். நடைப் பந்தயக்காரர்களின் இடுப்பு அப்படிச் சுழல்வதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஓடுகிறவர் முழங்காலை மடக்கித் தாவி அடியை நீட்டிக்கொள்கிறார். அந்த வழி அடைபட்டிருப்பதால் நடக்கிறவர் இடுப்பைத் திருப்பித்தான் அடியை நீட்ட முடியும்.

வேகம் கூடக் கூட உடல் ஓடத்தான் விரும்பும். முன்னங்கால் எலும்பை ஒட்டிய தசை எரியத் தொடங்கியதும் பாதத்தை நிமிர்த்தி வைக்க முடியாமல் முழங்கால் லேசாக மடங்கும். தொடையின் பின்தசை இறுகினாலும் அதுவே நடக்கும். எல்லைக்கோடு நெருங்குகிறது, பின்னால் ஒருத்தி துரத்துகிறாள் என்று தெரிந்தவுடன் கைவீச்சு உயரும், தோள் மேலேறும், அதோடு உடலும் தரையை விட்டு எழும்பும். இறக்கமான பாதையில் அடி தானாகவே நீண்டு, தரைத் தொடர்பு விடுபடும் நேரமும் நீளும். ஆகவே 5-ஆவது கிலோமீட்டரில் குறையில்லாமல் இருந்த நடை 19-ஆவது கிலோமீட்டரில் குலைவது இயல்பு. அட்டைகள் பந்தயத்தின் பிற்பாதியில் குவிவதற்குக் காரணம் இதுதான். கடைசி வரை காத்திருந்து நடுவர்கள் யாரையும் பழிவாங்குவதில்லை.

இனி நடுவர்களைப் பற்றி. உலகப் போட்டிகளில் ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் நடுவர்கள் ஆங்காங்கே நிற்பார்கள். தலைமை நடுவரையும் சேர்த்து அதிகபட்சம் ஒன்பது பேர். ஒருவர் மற்றவரிடம் கலந்து பேசக் கூடாது. கேமராவையோ வேறு கருவியையோ துணைக்குக் கொள்ளக் கூடாது. கண்ணால் கண்டதை மட்டுமே எழுத வேண்டும். இன்றைய விதிகளின்படி, பிழை நேரப்போகிறது என்று தோன்றினால் நடுவர் மஞ்சள் தகட்டைக் காட்டுவார். தரைத் தொடர்பு இழப்பதற்கு நெளிகோடும், முழங்கால் மடங்குவதற்குக் கோணக் குறியும் அதில் இருக்கும். அது எச்சரிக்கை மட்டுமே. ஒரே பிழைக்கு ஒரு நடுவர் அதை ஒரு முறைதான் காட்ட முடியும். பிழை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டால் அவர் சிவப்பு அட்டை எழுதுவார். அந்த அட்டை வீரருக்குக் காட்டப்படுவதில்லை. அது பதிவாளரிடம் கொண்டுசெல்லப்பட்டு, பாதையோரம் இருக்கும் அறிவிப்புப் பலகையில் வீரரின் எண்ணுக்கு எதிரே ஒரு புள்ளியாக ஏறும். சிட்னியில் இருந்த விதிப்படி, மூன்று வெவ்வேறு நடுவர்களின் மூன்று அட்டைகள் சேர்ந்தால் தலைமை நடுவர் சிவப்புத் தகடு காட்டி வெளியேற்றுவார்.

இதில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். சேவிலை வெளியேற்றியது ஒரு மனிதரின் கண் அல்ல; மூன்று பேர் தனித்தனியே, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமலேயே எழுதிய மூன்று தீர்ப்புகள். தலைமை நடுவர் அவற்றை அறிவிக்கிறவர் மட்டுமே. மேலும், அட்டை எழுதப்பட்டுப் பதிவாளரை அடைந்து, தலைமை நடுவரோ அவருடைய உதவியாளரோ அந்த வீரரைக் கண்டுபிடித்துத் தகட்டைக் காட்டுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் வீரர் நடந்துகொண்டேதான் இருப்பார். ஆகவே சிவப்புத் தகடு காட்டப்படும் இடம் பிழை நடந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. வீரருக்கும் பார்வையாளருக்கும் மிகக் கொடுமையாகத் தோன்றுவது இந்த இடைவெளிதான். அந்த இடைவெளி முழுவதும், தன் பந்தயம் முடிந்துவிட்டது என்று அறியாமலேயே ஒருவர் முழு மூச்சோடு நடந்துகொண்டிருக்கிறார்.

நடுவரின் பக்கத்தையும் நீங்கள் ஒரு முறை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். சாலையோரத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும்; குனிந்து தரைமட்டத்தில் கண் வைத்துப் பார்ப்பது முறையல்ல. தூரத்தில் கூட்டமாக வருகிறவர்களில் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவர் நமக்கு நேராகக் கடந்து போகும் சில அடிகளுக்கு முழங்காலை மட்டும் பார்க்க வேண்டும். அடுத்த முறை வரும்போது பாதங்களை மட்டும். எட்டுப் பத்து அடிகளில் அவர் கடந்துவிடுவார். ஒரு முறை, நன்றாக நடக்கக்கூடிய பள்ளி மாணவன் ஒருவன் கடைசிச் சுற்றில் என்னைக் கடந்தான். காலணி தரையில் உரசும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. என் முன்னால் வந்தபோது அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். அந்தக் கணத்தில் வலது முழங்கால் மடங்கியது, அடுத்த அடியிலும் மடங்கியது, அதற்கடுத்த அடியிலும் மடங்கியது. எண்ணையும் நேரத்தையும் கோணக் குறியையும் அட்டையில் எழுதினேன். எழுதும்போது என் விரல் நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. அது அவனுக்கு மூன்றாவது அட்டையாகிவிட்டது என்று எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருக்கவும் கூடாது. போட்டி முடிந்து அவன் என்னிடம் வந்து, “எந்தக் கால் சார்?” என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்டவன் நடைப் பந்தயத்தைப் புரிந்துகொண்டவன் என்று அன்றே எனக்குத் தோன்றியது.

அதிவேகக் கேமராவில் எடுத்துப் பார்த்தால், உலகத் தரத்தில் நடக்கும் ஏறத்தாழ எல்லோருமே ஒவ்வோர் அடியிலும் மிகச் சிறிய நேரத்துக்குத் தரையை விட்டு எழுவது தெரியும். நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவுக்குள் இருந்தால் கண் அதைப் பிடிப்பதில்லை. விதியிலேயே ‘கண்ணுக்குத் தெரியும்படி’ என்று இருப்பதால் இது ஏமாற்று ஆகாது. ஆனால் இதைக் காட்டித்தான், கண்ணை நம்பும் விளையாட்டுக்கு ஒலிம்பிக்கில் இடமேன் என்று சிலர் கேட்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. உதைபந்தாட்டத்தில் தவறான மோதலையும், ஜிம்னாஸ்டிக்ஸில் கால் விரலின் நீட்சியையும் தீர்மானிப்பது பயிற்சி பெற்ற கண்கள்தான். நடைப் பந்தயத்தில் மட்டும் அது ஏன் குறையாகச் சொல்லப்படுகிறது என்றால், இங்கே தீர்ப்பின் விளைவு மதிப்பெண் குறைவதோடு நிற்காமல் ஒருவரை முழுவதுமாக அழித்துவிடுவதுதான் காரணம். குறை தண்டனையின் அளவில் இருந்தது. 2000-இல் முதலாம் இடத்துக்கும் ஒன்றுமில்லாமைக்கும் நடுவே எந்தப் படியும் இல்லை.

அந்த ஒலிம்பிக்கிலேயே இன்னொரு கொடுமையும் நடந்தது. செப்டம்பர் 22-இல் ஆண்கள் 20 கிலோமீட்டரில் மெக்சிகோவின் பெர்னார்டோ செகுரா எல்லைக்கோட்டை முதலாவதாகக் கடந்தார். அவர் வென்றுவிட்டார் என்றுதான் உலகம் நினைத்தது. மெக்சிகோ அதிபர் எர்னஸ்டோ செடியோ தொலைபேசியில் அவரை வாழ்த்திக்கொண்டிருந்தபோது, அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்ட செய்தி அவரிடம் சொல்லப்பட்டது. தங்கம் போலந்தின் ராபர்ட் கோர்செனியோவ்ஸ்கிக்குச் சென்றது. அவர் ஒரு வாரம் கழித்து 50 கிலோமீட்டரிலும் தங்கம் வென்று, ஒரே ஒலிம்பிக்கில் 20, 50 கிலோமீட்டர் நடைப் பந்தயங்கள் இரண்டையும் வென்ற முதல் வீரர் ஆனார். கேட்பவர்கள் இதை அதிர்ஷ்டம் என்பார்கள். ஆனால் அதே கோர்செனியோவ்ஸ்கி 1992 பார்சிலோனாவில் 50 கிலோமீட்டரில் இரண்டாவதாக வந்து அரங்கத்தை அடைந்த நிலையில் வெளியேற்றப்பட்டவர். 49 கிலோமீட்டருக்கு மேல் நடந்துவிட்டு, பெயருக்கு எதிரே நேரமோ இடமோ இல்லாமல் ஊர் திரும்பியவர். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அட்லாண்டாவில் 50 கிலோமீட்டர் தங்கம், சிட்னியில் இரண்டு, ஏதென்ஸில் மறுபடியும் 50 கிலோமீட்டர் என்று நான்கு ஒலிம்பிக் தங்கங்களை அவர் வென்றார். அத்தனை வெற்றிகளுக்கும் அடையாளமாக இருந்தது, முழங்காலும் பாதமும் கடைசி வரை குலையாத அவருடைய நடை. பார்சிலோனாவை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு அந்த நடையே சான்று என்று நான் கருதுகிறேன்.

சேவிலும் அப்படித்தான். சதி நடந்தது என்று அவர் கூச்சலிடவில்லை, விதியை ஏற்றுக்கொண்டார். இதை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் சொந்த ஊரில், முதலிடத்தில், அரங்கத்தின் ஆரவாரம் காதில் விழும் தூரத்தில் அதை இழந்த 25 வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்! அவர் உலகின் மிகச் சிறந்த நடையாளர்களுள் ஒருவர் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. தகுதி நீக்கம் என்ற சொல் தமிழில் ஏதோ குற்றம் செய்தவரைச் சொல்வதுபோல ஒலிக்கிறது. உங்கள் மகளையும் அந்தச் சொல்தான் புண்படுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். ஊக்கமருந்து எடுத்தவருக்கும் அதே சொல், களைப்பில் முழங்கால் மடங்கியவருக்கும் அதே சொல். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. நீளம் தாண்டுகிறவரின் கால் பலகையைத் தாண்டிப் பதிந்தால் அந்தத் தாவல் செல்லாது. அவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்பதில்லை. நடைப் பந்தயத் தகுதி நீக்கமும் அதே வகையைச் சேர்ந்தது. தாண்டுகிறவருக்கு அடுத்த வாய்ப்பு சில நிமிடங்களில் வந்துவிடும், நடக்கிறவருக்கு அடுத்த போட்டி வரை காத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு.

சேவில் அதன் பிறகும் நடந்தார். 2002-இல் மான்செஸ்டரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் மீண்டும் தங்கம். பிறகு 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக். அங்கும் அரங்கத்துக்குள் நுழைந்துதான் முடிக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் எந்த இடத்தில் எல்லாம் நின்றுபோனதோ, அதே போன்ற இடத்தை அவர் மறுபடியும் கடக்க வேண்டியிருந்தது. கிரேக்கத்தின் அதனாசியா சுமெலேக்கா 1 மணி 29 நிமிடம் 12 விநாடியில் முதலாவதாகவும், ரஷ்யாவின் ஒலிம்பியாதா இவானோவா நான்கு விநாடி கழித்து இரண்டாவதாகவும் வந்தார்கள். சேவில் 1:29:25-இல் மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றார். தங்கத்துக்கும் அவருக்கும் இடைவெளி 13 விநாடி. அந்த 13 விநாடியை விரட்டிப் பிடிக்கும் ஆசையில் நடையைக் குலைத்துக்கொள்ளாமல், தன்னால் ஒழுங்காக நடக்க முடிந்த வேகத்தின் உச்சத்திலேயே அவர் முடித்தார். சிட்னியில் தங்கம் கிடைத்திருந்தால்கூட நான் அவரை இவ்வளவு மதித்திருப்பேனா என்று தெரியவில்லை. 2006-இல் மெல்போர்னில் மூன்றாவது காமன்வெல்த் தங்கத்தையும் வென்று, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார்.

நம்மவர்களுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கேரளத்தின் கே.டி. இர்பான் 1:20:21 என்ற தேசியச் சாதனை நேரத்தில் 10-ஆவதாக வந்தபோது, நடைப் பந்தயம் என்ற ஒன்று இருப்பதையே பலர் முதன்முறையாகக் கவனித்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ரியோவில் மூன்று இந்தியர்கள் 20 கிலோமீட்டரில் நடந்தார்கள். மணீஷ் சிங் ராவத் 13-ஆவதாக வந்தார். குர்மீத் சிங்கும் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த கணபதி கிருஷ்ணனும் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். ஒலிம்பிக் வரை போன தமிழ்நாட்டு வீரருக்கும் இது நடந்திருக்கிறது என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

தண்டனையின் அளவைப் பற்றிச் சொன்னேன். அது பின்னர் மாறியது. இப்போது பெரிய போட்டிகளில் தண்டனைப் பகுதி என்று ஒன்று இருக்கிறது. மூன்றாவது அட்டை விழுந்தவர் உடனே வெளியேற வேண்டியதில்லை. அந்தப் பகுதிக்குள் சென்று, 20 கிலோமீட்டர் பந்தயமாக இருந்தால் இரண்டு நிமிடமும், 10 கிலோமீட்டராக இருந்தால் ஒரு நிமிடமும் கழித்துவிட்டு மறுபடியும் பாதைக்கு வரலாம். நான்காவது நடுவரும் அட்டை எழுதினால்தான் வெளியேற்றம். டோக்கியோ ஒலிம்பிக்கின் நடைப் பந்தயங்கள் 2021 ஆகஸ்டில் சப்போரோ நகரில் நடந்தபோது, முன்னணியில் இருந்த சீனாவின் யாங் ஜியாயு இந்தப் பகுதிக்குள் சென்று இரண்டு நிமிடம் நிற்க நேர்ந்தது. மற்றவர்கள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எளிதல்ல. ஆனாலும் அவர் வெளியே வந்து நடந்து 12-ஆவதாக முடித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து 2024 பாரிஸில் 1:25:54-இல் தங்கம் வென்றவர் அவர்தான். அங்கே வெள்ளி வென்ற ஸ்பெயினின் மரியா பெரேஸ், 2022-இல் உலக சாம்பியன்ஷிப்பிலும் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பிலும் தகுதி நீக்கம் செய்யப்பட்டவர். அடுத்த ஆண்டே புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் 20, 35 கிலோமீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். சிட்னியில் இந்த ஏற்பாடு இருந்திருந்தால் மூன்றாவது அட்டையோடு சேவிலின் பந்தயம் முடிந்திருக்காது. தங்கம் போயிருக்கும், நேரமும் இடமும் அவர் பெயருக்கு எதிரே இருந்திருக்கும். இது 20 ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய மாற்றம் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, அது நியாயமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: தீர்ப்பு நியாயமானது, அன்றைய விதி தேவைக்கு மேல் கடுமையானது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் மகளுக்கு உதவ முடியும். நடுவர்கள் மேல் கோபம் கொண்டிருக்கும் வரை அவளுக்குத் தன் நடையில் பார்க்க வேண்டியது எதுவும் தெரியாது.

இப்போது செய்ய வேண்டியது என்ன என்றால், போட்டியை நடத்தியவர்களிடம் அவளுடைய பயிற்சியாளர் மூலம் கேட்டு, மூன்று அட்டைகளிலும் இருந்த குறி எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை தண்டனைப் பகுதி உண்டா என்பதையும் போட்டிக்கு முன்பே கேட்டுவையுங்கள். எல்லா மாவட்டப் போட்டிகளிலும் அது இருப்பதில்லை. குறி நெளிகோடாக இருந்தால் அவள் களைக்கும்போது தாவுகிறாள். கை மார்புக்கு மேலே ஏறாமல் தாழ்வாக வீசவும், தோளைத் தளர்த்தவும், முன்னே எட்டி வைக்கும் அடியைச் சற்றுக் குறைக்கவும் பழக வேண்டும். இறக்கமான சாலையில் வேகப் பயிற்சி வேண்டாம். குறி கோணமாக இருந்தால் முழங்கால் மடங்குகிறது. தொடையின் பின்தசையைத் தினமும் நீட்டவும், குதிகாலால் நடந்து முன்னங்கால் தசையை வலுவாக்கவும் சில மாதங்கள் கொடுங்கள். இரண்டிலும், பயிற்சியின் தொடக்கத்தில் அவள் நடப்பதைப் பார்த்துப் பயனில்லை. களைத்துப்போன கடைசி ஒரு கிலோமீட்டரில் பக்கவாட்டில் நின்று, இடுப்பு உயரத்தில் கைபேசியைப் பிடித்துப் படம் எடுங்கள். அதை மெதுவாக ஓடவிட்டு, எந்த அடியில் குலையத் தொடங்குகிறது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எந்தக் கால் என்று அவள் சொல்லிவிட்டால் அடுத்த நாள் பயிற்சியை அங்கிருந்தே தொடங்கலாம்.